வென்றதும் அவிழ்க்க வேண்டிய பலூன்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகள் பள்ளி அணியில் பாஸ்கெட்பால் ஆடுகிறாள். போன வாரம் இறுதியாட்டத்தில் அவள் அணி தோற்றுவிட்டது. ஆனால் சிறந்த ஆட்டக்காரர் கோப்பையை அவளுக்குத்தான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை பீரோவுக்குள் வைத்து மூடிவிட்டாள். “இது ஆறுதல் பரிசுப்பா” என்கிறாள். அமெரிக்காவின் தொழில்முறை பாஸ்கெட்பால் லீகான என்பிஏயின் இறுதித் தொடரிலும் தோற்ற அணிக்காரர் ஒருவருக்கு இப்படி விருது கொடுத்தார்கள் என்று நீங்கள் முன்பு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவர் யார்? அதுவும் ஆறுதல் பரிசுதானா?

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

அவர் லேக்கர்ஸ் ஆட்டக்காரர் ஜெர்ரி வெஸ்ட். 1969-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸும் பாஸ்டன் செல்டிக்ஸும் மோதிய இறுதித் தொடர். ஆறுதல் பரிசு என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

அதற்கு முன் ஐந்து முறை வெஸ்டின் லேக்கர்ஸ் இறுதித் தொடரில் செல்டிக்ஸிடம் தோற்றிருந்தது. 1962, 63, 65, 66, 68. ஒவ்வொரு முறையும் எதிரே நின்றவர் செல்டிக்ஸின் பில் ரஸ்ஸல். 1969-இல் நிலைமை வேறு. செல்டிக்ஸுக்கு வயதாகிவிட்டது, தங்கள் பிரிவில் நான்காவது இடத்தில்தான் முடித்திருந்தார்கள். ரஸ்ஸலே ஆட்டக்காரர், அவரே பயிற்சியாளர். லேக்கர்ஸிலோ வெஸ்டோடும் எல்ஜின் பெய்லரோடும் வில்ட் சேம்பர்லினும் புதிதாகச் சேர்ந்திருந்தார். முதல் ஆட்டத்தில் வெஸ்ட் 53 புள்ளி எடுத்தார். நான்காவது ஆட்டத்தை சாம் ஜோன்ஸ் கடைசி நொடியில் எறிந்த பந்து 89-88 என்று செல்டிக்ஸுக்கு வாங்கித் தந்தது. முதல் ஆறு ஆட்டங்களிலும் அவரவர் ஊரில் அவரவர் வென்றார்கள், ஆளுக்கு மூன்று. நான்காவது வெற்றி யாருக்கோ அவருக்கே பட்டம். ஏழாவது ஆட்டம் மே 5 அன்று லேக்கர்ஸின் சொந்த அரங்கமான ஃபோரத்தில்.

அன்று அரங்கத்துக்குள் வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தபோது, கூரைக்குக் கீழே வலையில் ஆயிரக்கணக்கான பலூன்கள் கட்டித் தொங்கின. லேக்கர்ஸ் உரிமையாளர் ஜாக் கென்ட் குக் செய்த ஏற்பாடு. கொண்டாட்ட நிகழ்ச்சி நிரலைத் தாளில் அச்சடித்தும் வைத்திருந்தார்கள். லேக்கர்ஸ் “வென்றால்” என்று அதில் எழுதவில்லை, “வென்றதும்” என்று எழுதியிருந்தார்கள். வென்றதும் பலூன்கள் விழும், பேண்டு வாசிக்கும், இன்னின்னாரைப் பேட்டி எடுப்பார்கள். அந்தத் தாள் ஒன்று ரஸ்ஸல் கையில் கிடைத்தது. உடைமாற்றும் அறையில் தன் ஆட்களுக்கு அதைப் படித்துக் காட்டினார். வேறு எதுவும் சொல்லவேண்டிய தேவை இருந்திருக்காது.

அந்தப் பலூன்களைப் பார்த்து வெஸ்டுக்கும் கோபம்தான். அவருக்கு செல்டிக்ஸைத் தெரியும். ஐந்து முறை தோற்றவருக்குத் தெரியாதா?

ஐந்தாவது ஆட்டத்தில் அவருக்குத் தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டது. கட்டுப் போட்டுக்கொண்டுதான் ஏழாவது ஆட்டத்துக்கு இறங்கினார். கடைசிக் கால்பகுதியில் ஒரு கட்டத்தில் லேக்கர்ஸ் 17 புள்ளி பின்தங்கியிருந்தது. அங்கிருந்து அணியை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு வந்தார். ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் மிச்சமிருக்கும்போது சேம்பர்லினுக்கு முழங்காலில் அடி, வெளியே போனார். பிறகு திரும்ப ஆடத் தயார் என்று அவர் கேட்டும் பயிற்சியாளர் வான் ப்ரெடா கோல்ஃப் அவரை இறக்கவில்லை. அதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவ்வளவு பெரிய ஆட்டக்காரரைக் கடைசி நிமிடங்களில் பெஞ்சில் உட்காரவைப்பதற்கு எந்தக் காரணமும் போதாது.

அப்படியும் 103-102 வரை வந்துவிட்டார்கள். ஒரே ஒரு புள்ளி. அப்போது லேக்கர்ஸின் கீத் எரிக்சன் செல்டிக்ஸின் ஹாவ்லிசெக்கிடமிருந்து பந்தைத் தட்டிவிட்டார். தட்டிய பந்து நேராக இன்னொரு செல்டிக்ஸ்காரரான டான் நெல்சன் கைக்குப் போனது. நெல்சன் எறிந்தார். பந்து வளையத்தின் பின்விளிம்பில் பட்டது, நெட்டுக்குத்தாக மேலே எழும்பியது, அப்படியே திரும்பி வளையத்துக்குள் இறங்கியது. அந்த நெல்சன் சில ஆண்டுகளுக்கு முன் லேக்கர்ஸ் வேண்டாம் என்று விடுவித்தவர்.

108-106. செல்டிக்ஸ் வென்றது. பலூன்கள் வலையிலேயே கிடந்தன.

வெஸ்ட் அந்த ஒரு ஆட்டத்தில் எடுத்தது 42 புள்ளி, 13 ரீபவுண்ட் (வளையத்தில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது), 12 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்கப் பந்தைக் கொடுப்பது). இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை என்பிஏ தொடங்கியதே அந்த ஆண்டுதான். முதல் விருதே தோற்றவருக்குப் போனது. அதற்குப் பிறகு இன்றுவரை தோற்ற அணியில் யாருக்கும் அது கிடைத்ததில்லை. பாவம் பார்த்துக் கொடுக்கிற வழக்கம் இருந்திருந்தால் இன்னும் நாலைந்து பேருக்காவது கிடைத்திருக்கும். அன்று களத்தில் இருந்த பத்துப் பேரில் அவரே சிறந்தவர் என்று எதிரணிக்கும் தெரிந்திருந்தது. ஆட்டம் முடிந்ததும் ரஸ்ஸல் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ரஸ்ஸலுக்கு அதுவே கடைசி ஆட்டம். பதின்மூன்று பருவத்தில் பதினொரு பட்டம்.

ஆனால் உங்கள் மகள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அந்த விருது வெஸ்டின் காயத்தை ஆற்றவில்லை. 1972-இல் நியூயார்க் நிக்ஸை வென்று அவருக்கு ஒருவழியாகப் பட்டம் கிடைத்தது. அந்தத் தொடரில் தான் மோசமாக ஆடியதாக அவரே சொன்னார். நன்றாக ஆடியபோது தோற்று, சரியாக ஆடாதபோது வென்றது அவரைக் கடைசிவரை உறுத்தியது. 2024-இல் இறந்தார்.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். 1971-இல் லேக்கர்ஸ் வெஸ்டுக்கு ஒரு பாராட்டு விழா எடுத்தது. ரஸ்ஸல் தன் சொந்தச் செலவில் வந்து பேசினார். தனக்கு ஒரே ஒரு விருப்பம் நிறைவேறும் என்றால், வெஸ்ட் எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கவேண்டும் என்று கேட்பேன் என்றார். தன்னிடம் ஆறு முறை தோற்றவரைப் பார்த்து அவர் சொன்னது அது. வெஸ்ட் முதன்முதலில் வாங்கிய அந்த விருதுக்கு 2009-இலிருந்து ரஸ்ஸலின் பெயர்.

கோப்பையை வெளியே எடுத்து வைக்கும்படி அவளை வற்புறுத்த வேண்டாம். அது பீரோவிலேயே இருக்கட்டும். எதிரணிப் பிள்ளைகள் யாராவது அன்று அவள் கையைப் பிடித்து ஏதாவது சொன்னார்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அப்புறம், அடுத்த போட்டி எப்போது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.