அந்தக் கொடி ஏறிய வருஷம்

அன்புள்ள ஐயா,

தென் கரோலினாவில் பத்தாண்டுகளாக வசிக்கிறேன். என் பக்கத்து வீட்டுக்காரர் தங்கமான மனிதர். அவருடைய முன்னோர் ஒருவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களுக்காகப் போரிட்டவர். 2015இல் அந்தத் தென் மாநிலப் படையின் கான்ஃபெடரேட் கொடியைச் சட்டமன்ற வளாகத்திலிருந்து இறக்கியது வரலாற்றை அழிப்பது என்கிறார். "இன்று கொடி, நாளை வாஷிங்டன் சிலையா?" என்றும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வந்தேறிகளான நமக்கு இதில் கருத்துச் சொல்ல உரிமை உண்டா? பள்ளியில் படிக்கும் என் மகனுக்கு இதை எப்படி விளக்குவது?

சிவா

அன்புள்ள சிவா,

உரிமை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்த ஊரில் வரி கட்டுகிறீர்கள், பிள்ளை அங்கே படிக்கிறான். அப்புறம் என்ன தயக்கம்? வாஷிங்டன் சிலையைப் பற்றி அதை யாராவது இறக்க வரும்போது பேசிக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. தன் வீட்டுச் செத்தவர்களை நினைத்துக்கொள்ள யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவர் தன் வாசலில் அந்தக் கொடியைக் கட்டினாலும் சட்டம் தடுக்காது. சட்டமன்ற வாசல் அவருடையது மட்டுமல்ல, அவ்வளவுதான்.

கோபம் உங்கள் மேல்தான். அவர் 'வரலாறு' என்றதும் வாயடைத்துப் போய்விட்டீர்கள். பத்தாண்டு அங்கே இருந்துகொண்டு, அந்தக் கொடி எந்த வருஷம் ஏறியது என்று ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றவில்லையா?

அடிமை முறையைக் காக்கத் தென் மாநிலங்கள் பிரிந்துபோய் நடத்திய அந்தப் போர் முடிந்தது 1865இல். உங்கள் மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் சட்டமன்றக் கட்டடத்தின் உச்சியில் கொடி ஏறியது 1961 ஏப்ரலில். போர் தொடங்கி நூறாண்டு ஆன விழா என்று காரணம் சொன்னார்கள். சரி, விழாவுக்கு ஏற்றினால் விழா முடிந்ததும் இறக்க வேண்டாமா? அடுத்த வருஷம் சட்டமன்றமே தீர்மானம் போட்டு அதைப் பறக்கவிட்டது. 2000 வரை உச்சியிலேயே இருந்தது.

அந்த ஏப்ரலுக்கு முந்தைய மாதம் அதே வளாகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மார்ச் 2, 1961. கறுப்பின மாணவர்கள் ஒரு தேவாலயத்தில் கூடி, பதினைந்து பேர் அளவில் சிறு குழுக்களாகச் சட்டமன்ற வளாகத்துக்கு நடந்து வந்தார்கள். கையில் இனப்பாகுபாட்டுக்கு எதிரான அட்டைகள். ஒரு கல் எறியவில்லை, ஒரு பாதையை மறிக்கவில்லை. பதினைந்து நிமிடத்தில் கலைந்து போகச் சொன்னது போலீஸ். அவர்கள் பாடத் தொடங்கினார்கள். பாடியவற்றில் ஒன்று அமெரிக்க தேசிய கீதம். கொடியைப் பற்றிய பாட்டு அது! 187 பேர் தண்டிக்கப்பட்டார்கள்: பத்து டாலர் அபராதம் அல்லது ஐந்து நாள் சிறையில் தொடங்கி, நூறு டாலர் அல்லது முப்பது நாள் சிறை வரை. பொது அமைதியைக் குலைத்தார்களாம்.

தேசக் கொடியைப் பாடிய பிள்ளைகளைப் பிடித்து உள்ளே போட்ட இடத்தில், தேசத்தை எதிர்த்துப் போரிட்டவர்களின் கொடி அடுத்த மாதமே மேலே ஏறியது. நூற்றாண்டு விழா உண்மையாகவே இருக்கட்டும். கீழே நின்று அண்ணாந்து பார்த்த கறுப்பினத் தாய்க்கு அது விழாவாகவா தெரிந்திருக்கும்? 'பாரம்பரியம்' என்று உங்கள் நண்பர் ஆரம்பித்தால் 1861ஆ, 1961ஆ என்று கேளுங்கள். சண்டைக்காக அல்ல, அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

வரலாற்றை அழிக்கிறார்கள் என்ற புலம்பலுக்கு அந்தக் கட்டடமே பதில் வைத்திருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பர் என்னை அங்கே அழைத்துப் போனார். மேற்குச் சுவரில் வெண்கல நட்சத்திரங்கள் பதித்திருக்கிறார்கள், மொத்தம் ஆறு. 1865 பிப்ரவரியில் வடக்கத்தியத் தளபதி ஷெர்மன் படையின் பீரங்கிக் குண்டுகள் பட்ட இடங்கள் அவை. நண்பரின் சின்ன மகள் ஒன்றைக் காட்டி, "இதை ஏன் பூசி மறைக்கவில்லை?" என்று கேட்டாள். அவர் போரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார், அவள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். அந்த நட்சத்திரங்களை எடு என்று போராடுகிறவர்கள் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. சுவரில் பட்ட அடி யாரையும் வணங்கச் சொல்வதில்லை. அரசாங்கக் கம்பத்தில் ஏறிய கொடி சொல்கிறது.

அதுவும் எப்படிப்பட்ட கம்பம்! 2000இல் கொடியை உச்சியிலிருந்து இறக்கி, கீழே போர்வீரர் நினைவுச் சின்னத்தின் அருகே நட்டார்கள். கம்பம் 30 அடி என்பது வரை சட்டத்திலேயே எழுதினார்கள். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இல்லாமல் தொடக் கூடாது என்றும் எழுதினார்கள். 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரின் கறுப்பினத் தேவாலயம் ஒன்றில் ஜெபம் செய்துகொண்டிருந்த ஒன்பது பேரை, அந்தக் கொடியோடு படமெடுத்துக்கொண்ட ஒருவன் சுட்டுக் கொன்றான். கட்டட உச்சியில் தேசக் கொடியும் மாநிலக் கொடியும் அரைக்கம்பத்தில் இறங்கின. இது மட்டும் முழு உயரத்தில் பறந்தது. ஆளுநர் நினைத்தாலும் ஒரு அடி இறக்க முடியாது. ஜூலை 10 அன்றுதான் இறங்கியது. எரித்தா போட்டார்கள்? அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார்கள்.

மகனுக்கு விளக்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். நீங்கள் விளக்க வேண்டாம். அந்த மாணவர்களின் வழக்கு 'எட்வர்ட்ஸ் எதிர் தென் கரோலினா' என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1963இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தண்டனைகளை ரத்து செய்தார்கள். தீர்ப்பு நீளமில்லை. அப்பாவும் மகனுமாக உட்கார்ந்து படியுங்கள். படித்துவிட்டு எழுதுங்கள், அடுத்த முறை பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்பதை விட்டு, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று.