ஆசிரியரைக் கேளுங்கள்: எழுத்து ஒப்புமைக் கேள்விகள்

கேள்வி: ஐயா, பி.எஸ்சி. முடித்துவிட்டு மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்கு வீட்டிலிருந்தே படிக்கிறேன். ‘சி எஃப் : எக்ஸ் யூ என்றால் எல் ஜே : ?’ மாதிரி கேள்வி வந்தால் விரல்விட்டு எண்ணியே நேரம் போய்விடுகிறது. கோச்சிங் சேர ராமநாதபுரம் போய்வர வசதியில்லை. அண்ணன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். என்ன செய்யலாம்?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: மகளே, இந்தப் பகுதிக்குக் கோச்சிங் கட்டாயமில்லை. ஆங்கிலத்தின் 26 எழுத்தின் வரிசை எண்ணும் கேட்டவுடன் வாயில் வர வேண்டும், அவ்வளவுதான். இ 5, ஜே 10, ஓ 15, டி (T) 20, ஒய் 25. முதலில் இந்த ஐந்தை மனப்பாடம் செய்துகொள். எல் என்றால் ஜேயிலிருந்து இரண்டு தள்ளி, 12.

இப்போது உன் கேள்விக்கு வருவோம். சி 3, எக்ஸ் 24, வித்தியாசம் 21. எஃப் 6, யூ 21, வித்தியாசம் 15. பலரும் இந்த 21க்கும் 15க்கும் உறவு தேடி நேரத்தைத் தொலைக்கிறார்கள். வித்தியாசம் ஒத்துவரவில்லையா, உடனே கூட்டிப் பார். 3+24=27, 6+21=27. முன்னாலிருந்து மூன்றாவது எழுத்துக்குப் பின்னாலிருந்து மூன்றாவது எழுத்து ஜோடி. அப்படியானால் எல் (12) ஓ (15) ஆகும், ஜே (10) க்யூ (17) ஆகும். விடை: ஓ க்யூ. இந்த எதிர் ஜோடிகளையும் நெட்டுருப் போட்டுவிடு: ஐ-ஆர் இந்தியன் ரயில்வே, ஹெச்-எஸ் ஹைஸ்கூல், ஜி-டி என்றால் ஜி.டி. ரோடு.

நான் அதிகம் கவலைப்படுவது இன்னொரு வகையைப் பற்றி. ‘ஏ சி : இ ஜி, ஐ கே : ?’ விடைகளில் ‘கே எம்’, ‘எம் ஓ’ இரண்டும் இருக்கும். இரண்டிலும் எழுத்துகளுக்கிடையே இரண்டு இடைவெளி உண்டு என்பதால், அதை மட்டும் பார்த்தவர் முதலில் கண்ணில் பட்டதைக் குறித்துவிடுவார். ஆனால் ஏ-யிலிருந்து இ-க்கு நான்கு, சி-யிலிருந்து ஜி-க்கும் நான்கு. அந்த நான்கையும் காப்பாற்றுவது ‘எம் ஓ’ மட்டுமே. விடைப் பட்டியலைக் கையால் மறைத்துக்கொண்டு விதியைக் கண்டுபிடி. அது ஒவ்வொரு எழுத்துக்கும் நின்றபிறகு கையை எடு. கணினித் தேர்வில் கண்ணாலேயே மறைக்கப் பழக வேண்டும்.

எழுத்துக்கு எழுத்து கூட்டல் மாறவும் செய்யும். ‘இ ஹெச் எல் : எஃப் ஜே ஓ’ வில் 1, 2, 3 என்று கூடுகிறது, ஆகவே ‘கே ஏ யூ’ வுக்கு ‘எல் சி எக்ஸ்’. கூட்டி 26ஐத் தாண்டினால் 26ஐக் கழி: ஒய்யோடு 4 கூட்டினால் 29, அதாவது 3, சி.

எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரிகளுக்கான சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் 100 கேள்விக்கு 60 நிமிடம்தான். அதில் ரீசனிங் 25. தவறான விடைக்கு அரை மதிப்பெண் போகும். ஒரு நிமிடத்தில் விதி பிடிபடவில்லையென்றால் அடுத்ததற்குப் போய்விடு.

பயிற்சிக்குத் தனிப் புத்தகம் வாங்காதே. பஸ் பலகைகளிலும் ஸ்டேஷன்களிலும் ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறதே, பாம்பன், மண்டபம், உச்சிப்புளி என்று வரிசையாக எதிர் எழுத்தில் மாற்று. பாம்பன் ‘கே இசட் என் ஒய் இசட் எம்’ என்று வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் அண்ணன் கரையில்தானே இருப்பார்? வலை வேலைக்கு நடுவே அவரை எழுத்துச் சொல்லச் சொல்லி, நீ எண் சொல்.

கேள்வி: என் மகன் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதுகிறான். அதிலும் இது வருமா?
- வாசகி, கீழக்கரை

பதில்: வரும்மா. 200 கேள்வியில் திறனறிவுக்கு 25. பாடத்திட்டத்திலேயே எண்ணெழுத்துத் தர்க்கம் இருக்கிறது. அங்கே தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். எந்தக் கேள்வியையும் விடாமல் குறித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.