ஸ்குவாட்டில் இடுப்பு முந்திக்கொண்டு எழுகிறது. அதிகம் வழக்கத்தில் இல்லாத பயிற்சி வகைகளால் அது திருந்துமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: இரண்டு ஆண்டுகளாகப் பார்பெல் (எடைத்தட்டுகள் மாட்டும் நீண்ட கம்பி, சுருக்கமாகப் பார்) தூக்குகிறீர்கள், எடை கூடியதும், பாரைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் இடுப்பு முதலில் எழுந்து மேலுடல் பின்தங்குகிறது, பெஞ்சில் படுத்துப் பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் பார் நெஞ்சில் பட்டுத் துள்ளுகிறது, தொடையும் மார்பும் எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை, ஜெர்ச்சர், ஆண்டர்சன் என்று பெயர் சொல்லப்படும் வகைகளைச் செய்தால் பயன் இருக்குமா? இருக்கும் என்பதே என் பதில். ஆனால் உங்களிடம் இருக்கும் தவறு எது, அந்தத் தவறைச் செய்யவே இடம் கொடுக்காத பயிற்சி எது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எனக்கும் இதே கோளாறு இருந்தது. ஸ்குவாட்டில் 100 கிலோவைத் தொட்ட ஆண்டில், எங்கள் ஜிம் மாஸ்டர் ஒவ்வொரு செட்டிலும் (இடையில் ஓய்வில்லாமல் செய்யும் ஒரு சுற்று) "நெஞ்சை நிமிர்த்துங்க" என்று சத்தம் போடுவார். நானும் நிமிர்த்திவிட்டதாகவே நினைத்துக்கொள்வேன். ஒருநாள் கைப்பேசியைப் பக்கவாட்டில் வைத்துப் படம்பிடித்துப் பார்த்தபோதுதான், அடியிலிருந்து எழும் நொடியில் முழங்கால்கள் நீண்டுவிட, மேலுடல் மட்டும் யாருக்கோ கூழைக்கும்பிடு போடுவதுபோல் குனிந்தே கிடப்பது தெரிந்தது. முன்தொடைகள் செய்ய வேண்டிய வேலையைக் கீழ்முதுகு செய்துகொண்டிருந்தது. தொடை வளராததற்கும் முதுகு வலித்ததற்கும் காரணம் ஒன்றே.

அதற்கு நான் எடுத்துக்கொண்டது ஜெர்ச்சர் ஸ்குவாட். 1930களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பயிற்சி செய்த எட் ஜெர்ச்சர் என்பவரின் பெயரால் வழங்குவது. பாரைத் தோளில் வைக்காமல், கைகளை மடக்கி இரு முழங்கைகளின் உள்மடிப்பில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். பார் முதுகில் இருக்கும்போது, முன்னால் சாய்ந்தாலும் சுமையை இடுப்புக்கும் முதுகுக்கும் தள்ளிவிட்டு எப்படியோ எழுந்துவிடலாம். பார் முன்னால், வயிற்றை ஒட்டி இருக்கும்போது அந்தத் தப்பிக்கும் வழி அடைபட்டுவிடுகிறது. மேல்முதுகு சற்றே கூன்போட்டாலும் பார் கைகளைக் கீழே இழுத்து உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் நாள் 40 கிலோதான் வைத்தேன். மூன்றாவது ரெப்பில், அதாவது மூன்றாம் முறை உட்கார்ந்து எழும்போது, மூச்சு திணறியது. பார் வயிற்றின்மேல் அழுந்துவதால் மூச்சை மேல்நெஞ்சில் வாங்கி ஒப்பேற்ற முடியாது. வயிறும் விலாவும் சுற்றிலும் விரியும்படி இழுத்து, பாரை எதிர்த்து அழுத்தியபடிதான் இறங்க வேண்டும். ஸ்குவாட்டுக்கு வேண்டிய இறுக்கம் எது என்பது எனக்குச் சரியாகப் புரிந்தது அன்றுதான். முழங்கை மடிப்பில் பட்ட சிவப்புத் தடம் இரண்டு நாள் போகவில்லை. பாரில் மெல்லிய துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டால் போதும். தடித்த பஞ்சு உறை போட்டால் பார் பருத்து, மடிப்பில் நிற்காமல் நழுவப் பார்க்கும். அடியில் முழங்கைகள் இரு தொடைகளுக்கும் நடுவே இறங்கினால் ஆழம் போதுமானது என்று கொள்ளலாம். ஆறு வாரத்தில் 70 கிலோவுக்கு வந்தேன். அதன்பின் வழக்கமான ஸ்குவாட்டுக்குத் திரும்பியபோது இடுப்பு முந்தவில்லை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. தொடை களைப்பதற்கு முன்பே மேல்முதுகும் முழங்கையும் கைவிட்டுவிடும் என்பதால், மேல்முதுகு நன்றாகத் தடிக்குமே தவிர, தொடையை மட்டும் வளர்க்க நினைப்பவருக்கு இது முதல் தேர்வு ஆகாது. தொடைக்கு நான் சேர்த்துக்கொண்டது ஒன்றரை ஸ்குவாட்: முழு ஆழம் இறங்கி, பாதி எழுந்து, மீண்டும் இறங்கி, பிறகு முழுவதும் எழுவது ஒரு ரெப். தசை நீண்டு விரிந்திருக்கும் அடிப்பகுதியில் அது சுமையோடு இருக்கும் நேரம் கூடுவதால், குறைந்த எடையிலேயே எட்டு ரெப்பில் தொடை கெஞ்சத் தொடங்கிவிடும்.

ஆண்டர்சன் ஸ்குவாட்டின் கதை சுவையானது. ஜார்ஜியா மாநிலத்துக்காரரான பால் ஆண்டர்சன், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் மிகு எடைப் பிரிவில் தங்கம் வென்றவர். வீட்டருகே குழி தோண்டி, அதில் நின்றுகொண்டு பெரும் எடையைக் கொஞ்ச தூரம் மட்டும் தூக்குவார்; நாளடைவில் குழியில் மண்ணைப் போட்டுத் தூர்க்கத் தூர்க்க, தூக்கும் தூரம் கூடிக்கொண்டே வரும். இன்று அவர் பெயரில் நாம் செய்வது, பாரைத் தாங்கும் சட்டமான ரேக்கின் பாதுகாப்புக் கம்பிகளின்மேல் பாரை ஸ்குவாட்டின் அடி உயரத்தில் வைத்துவிட்டு, அங்கிருந்தே தொடங்கி எழுவது. இறங்கும்போது விரியும் தசையும் தசைநாணும் ரப்பர்போல் தரும் துள்ளல் இதில் கிடைக்காது. அதனால் எழத் தொடங்கும் நிலையில் உள்ள கோணல் அப்பட்டமாக வெளியே வந்துவிடும். ஒவ்வொரு ரெப்புக்கும் பாரைக் கம்பியில் முழுதாக இறக்கி இரண்டு நொடி நிறுத்துங்கள். பலரும் பாருக்கு அடியில் முதுகை வளைத்து நுழைந்து அப்படியே எழுந்துவிடுகிறார்கள். அது இருக்கிற தவறுக்கு உரம் போடும் வேலை. உங்கள் உச்ச எடையில் 60 விழுக்காட்டுக்குமேல் தொடங்க வேண்டாம்.

பெஞ்ச் பிரஸ்ஸில் துள்ளலை நிறுத்த ஸ்போட்டோ பிரஸ் போதும். 2013இல் 722 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 327 கிலோ, பெஞ்ச் செய்த எரிக் ஸ்போட்டோவின் பெயரைக் கொண்டது. பாரை நெஞ்சுக்கு ஓர் அங்குலம் மேலே, எதையும் தொடாமல் நிறுத்திவிட்டு மேலே தள்ள வேண்டும். மோதுவதற்கு நெஞ்சே கிடைக்காதபோது துள்ளல் எங்கிருந்து வரும்? கால்களை நீட்டிக்கொண்டு செய்யும் லார்சன் பிரஸ்ஸும் நல்லதுதான். கால் உதவி இல்லாததால் மார்பும் கையும் தாமே உழைக்கும்.

விநோதமாகத் தோன்றுவதையெல்லாம் ஒதுக்கிவிடவும் வேண்டாம். பாரைக் கையில் பிடித்து, முழங்காலைச் சற்றே மடக்கி, இடுப்பிலிருந்து குனிந்து நிமிரும் ரோமேனியன் டெட்லிஃப்ட் இன்று எல்லா ஜிம்மிலும் செய்யப்படுகிறது. அதுவே, 1984 ஒலிம்பிக் தங்கம் வென்ற ருமேனியர் நிகு விளாட் 1990இல் சான் பிரான்சிஸ்கோவில் செய்துகாட்டும்வரை அங்கிருந்தவர்களுக்குப் பெயர்கூடத் தெரியாத பயிற்சியாகவே இருந்தது. ஆனால் காற்றடைத்த பந்தின்மேல் நின்று ஸ்குவாட் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விழாமல் இருப்பதற்கே கவனம் போய்விடுகிறது; தசை வளரத் தேவையான எடையை அதில் ஏற்றவே முடியாது.

வாரத்துக்கு ஒரு புதுப் பயிற்சி என்று மாற்றிக்கொண்டே இருப்பதும் வீண். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எடை கூடுவது பெரும்பாலும் நரம்புகள் அந்த அசைவைப் பழகிக்கொள்வதால்தான். மறுநாள் வரும் தசைவலியும் புதுமையால் வருவதே, வளர்ச்சிக்குச் சான்று ஆகாது. ஆகவே ஸ்குவாட்டை வாரத்தில் ஒருநாள் வழக்கம்போல் செய்யுங்கள். இன்னொரு நாள் ஜெர்ச்சரை மூன்று செட், ஆறிலிருந்து எட்டு ரெப் என்ற கணக்கில் ஆறு வாரம் மாற்றாமல் செய்யுங்கள். முதல் நாள் பிளேட் எதுவும் மாட்டாத 20 கிலோ பார் மட்டும் போதும். முழங்கை மடிப்பில் அழுத்தம் தெரிவது இயல்பு. விரல்கள் மரத்துப்போனால் மட்டும் அங்கேயே நிறுத்திவிட்டு, ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துச் செய்யும் கோப்லெட் ஸ்குவாட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.