மீதி அப்பம் எங்கே போகிறது: நான்கு சபைகளைக் கடந்து கத்தோலிக்கத்துக்கு வந்த ஒருத்தியிடம் கேள்விகள்

சபை மாறுவது பற்றி என்னிடம் பலரும் கேட்டவற்றை ஒன்றாக வைத்துப் பதில் எழுதுகிறேன். நான் இறையியல் பட்டம் வாங்கியவள் இல்லை. கத்தோலிக்க திருச்சபையில் சேர்ந்து 12 வருடம் ஆகிறது. அதில் 9 வருடமாக, புதிதாகச் சேர விரும்புகிறவர்களுக்கான மறைக்கல்வி வகுப்பில் உதவி செய்கிறேன். பேச்சில் இன்னும் 'கர்த்தர்', 'ஞானஸ்நானம்' என்றுதான் வரும். கத்தோலிக்கர்கள் 'ஆண்டவர்', 'திருமுழுக்கு' என்று மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, எத்தனை சபை மாறினீர்கள்? ஒவ்வொரு தடவையும் என்ன சண்டை?

நான்கு சபை. சண்டை ஒன்றே ஒன்றுதான், அதுவும் என் சண்டை இல்லை.

பிறந்தது லுத்தரன் குடும்பத்தில். 19 வயதில் கல்லூரித் தோழிகளோடு பாப்டிஸ்ட் சபைக்குப் போனேன், 6 வருடம். வேதத்தை அதிகாரம் அதிகாரமாகப் படிக்கக் கற்றது அங்கேதான். அப்புறம் பெந்தெகொஸ்தே, 9 வருடம். வாய்விட்டு ஜெபிக்க அங்கே கற்றேன், கல்யாணமும் அங்கேதான் நடந்தது.

பிறகு அந்தச் சபை உடைந்தது. இரண்டு மூப்பர்கள், ஒரே வசனம், இரண்டு அர்த்தம். இருவருமே 'ஆவியானவர் எனக்கு உணர்த்தினார்' என்றார்கள். இருவரும் நல்லவர்கள், பொய் சொல்கிறவர்கள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் நாற்காலிகளைக்கூட எண்ணிப் பங்கு பிரித்தார்கள். அவற்றை அடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோதுதான், 'சரி, இதில் யார் சொல்வது சரி என்று யார் சொல்வது?' என்று எனக்குள் ஓடியது. அந்தக் கேள்வியோடு ஆங்கிலிக்கன் சபைக்குப் போனேன். 6 வருடம் இருந்தேன். அதில் கடைசி இரண்டு வருடம், காலையில் அங்கே ஆராதனை, மாலையில் கத்தோலிக்கக் கோயிலின் கடைசி பெஞ்ச். 40 வயதில் சேர்ந்தேன்.

கேள்வி: உங்களைத் திருப்பியது எது? ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்.

மீதி அப்பம்.

சிரிக்க வேண்டாம், உண்மையாகவே சொல்கிறேன். எந்தச் சபைக்குப் போனாலும் திருவிருந்து முடிந்ததும் கழுவுகிற வேலை எப்படியோ என் தலையில்தான் விழும். பாப்டிஸ்ட் சபையில் மீதித் துண்டுகளைக் குப்பைக்கூடையில் போடச் சொன்னார்கள். பெந்தெகொஸ்தே சபையில் மீதித் திராட்சைச் சாற்றைப் புட்டியில் திருப்பி ஊற்றினோம். அதில் அவமரியாதை எதுவும் இல்லை. அது அடையாளம் மட்டும்தான் என்று நம்புகிறவர்கள் அந்த நம்பிக்கைப்படி ஒழுங்காக நடந்தார்கள். ஆங்கிலிக்கன் சபையில் முதல் நாள் நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனபோது போதகர் தடுத்தார். மீதியை அவரே உட்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அதையும் குடித்தார். 1662 ஜெபப் புத்தகத்திலேயே அப்படி ஒரு விதி இருக்கிறது: அபிஷேகம் பண்ணப்பட்டதில் மீதி இருந்தால் கோயிலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, பயபக்தியோடு அங்கேயே உட்கொள்ள வேண்டும்.

வெறும் அடையாளம் என்றால் தண்ணீர் ஊற்றிக் குடிப்பானேன்? அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பிறகு வாசிக்க ஆரம்பித்தேன். 1529இல் மார்பர்க் நகரில் லுத்தரும் சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தவாதி ஸ்விங்லியும் சந்தித்தார்கள். 15 விஷயங்களில் 14க்கு ஒப்புக்கொண்டார்கள். கடைசியாக நின்றது, அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் மெய்யாகவே இருக்கிறதா என்பதுதான். லுத்தர் மேஜையில் சாக்குக் கட்டியால் 'இது என் சரீரம்' என்று லத்தீனில் எழுதி வைத்துக்கொண்டு இறங்கிவர மறுத்தார். என்னை ரோமை நோக்கி முதல் அடி வைக்கச் செய்தவர் லுத்தர்தான் என்று அதனால்தான் சொல்வேன். என் கத்தோலிக்க நண்பர்களுக்கு அது பிடிக்காது.

அப்புறம் ஆதித்திருச்சபை. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சாவுக்குக் கொண்டுபோகப்படும் வழியில், அந்தியோக்கியாவின் ஆயர் இஞ்ஞாசியார் சிமிர்னா சபைக்கு எழுதுகிறார்: நற்கருணை, அதாவது திருவிருந்து அப்பம், கிறிஸ்துவின் மாம்சம் என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் அதைவிட்டு விலகி நிற்கிறார்கள் என்று. 'கத்தோலிக்க திருச்சபை' என்ற சொல் நமக்குக் கிடைத்திருப்பதில் பழையதும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது. சுமார் 155இல் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கிறார். வர முடியாதவர்களுக்குத் தியாக்கோன்கள், அதாவது சபையின் உதவி ஊழியர்கள், பங்கு கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். மீதி எங்கே போகிறது என்ற என் கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது: நோயாளிகளின் வீட்டுக்கு. கத்தோலிக்கக் கோயிலில் மீதி அப்பத்தை வைக்கும் நற்கருணைப் பேழையும் அதன் பக்கத்தில் அணையாத விளக்கும் ஏன் என்பது அதற்கப்புறம்தான் எனக்கு விளங்கியது.

யோவான் 6இல், 'இது கடினமான உபதேசம்' என்று சொல்லிப் பலர் போனபோது, 'நில்லுங்கள், நான் உவமையாகச் சொன்னேன்' என்று இயேசு கூப்பிடவில்லை. அந்த அதிகாரத்தை நானே பாப்டிஸ்ட் சபையில் பாடமாக நடத்தியிருக்கிறேன். அப்போது கண்ணில் படவில்லை.

கேள்வி: மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா?

தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுக்கப்பட்டிருந்தால் வேண்டாம். பெரும்பாலும் எந்தச் சபை என்பது கேள்வி இல்லை. 'இயேசுவின் நாமத்தில்' மட்டும் கொடுக்கும் சபைகளின் ஞானஸ்நானத்தைத் திருச்சபை ஏற்பதில்லை. என்ன வார்த்தை சொன்னார்கள் என்று விசாரித்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், 'முன்பு பெறவில்லை என்றால்' என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள்.

என் விஷயத்தில் ஒரு வேடிக்கை. பாப்டிஸ்ட் சபையில் 'குழந்தையில் எடுத்தது செல்லாது' என்று அம்மாவிடம் வாதாடி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். அம்மா அன்று வரவில்லை. 20 வருடம் கழித்து அருட்தந்தை சான்றிதழ் கேட்டபோது முழுக்கின் சான்றிதழை நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, 'இது வேண்டாம், முதலில் எடுத்ததைக் கொண்டுவாருங்கள்' என்றார். அம்மா தன் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துத் தந்தார். மடித்த மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருக்கலாம், எனக்குத் தகும்.

கேள்வி: மரியாளை எப்படி ஏற்றுக்கொண்டீர்கள்? நான் அங்கேதான் நிற்கிறேன்.

மெதுவாக. சேர்ந்த பிறகும் மூன்று வருடம் ஜெபமாலை கையில் எடுக்கவில்லை. எடுக்காததால் யாரும் என்னை வெளியே அனுப்பவும் இல்லை. ஜெபமாலை பக்தி முயற்சி. விருப்பம் இருந்தால் செய்யலாம். லூர்து, பாத்திமா காட்சிகளையும் விசுவாசக் கட்டாயமாகத் திருச்சபை வைக்கவில்லை.

கட்டாயமானவை கோட்பாடுகள். 'தேவதாய்' என்பது 431இல் எபேசு சங்கம், அதாவது ஆயர்களின் பொதுக்கூட்டம், சொன்னது. லுத்தரும் அதை மறுக்கவில்லை. 1854இல் அமல உற்பவம் (மரியாள் ஜென்மப் பாவமின்றிக் கருவானார் என்பது), 1950இல் விண்ணேற்பு (உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பது). இந்தக் கடைசி இரண்டும் எனக்குக் கடினமாக இருந்தன. தனித்தனியாக நிரூபணம் கேட்டு நான் ஏற்கவில்லை. சொல்கிற திருச்சபையை நம்பி ஏற்றேன். இந்தப் பதில் உங்களுக்குப் போதாமல் இருக்கலாம், தெரியும்.

ஒரு உதவி மட்டும் சொல்கிறேன். 'அருள்நிறைந்த மரியே' ஜெபத்தின் முதல் பாதி லூக்கா முதல் அதிகாரம். தேவதூதனும் எலிசபெத்தும் சொன்னவை. அந்தப் பாதியை மட்டும் சில மாதம் சொல்லிப் பாருங்கள். 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்ற பாதி பிறகு தானாக வரும், அல்லது வராது. காய்ச்சலில் கிடந்தபோது, எனக்காக ஜெபியுங்கள் என்று முப்பது பேருக்குச் செய்தி அனுப்பியவள்தான் நானும்.

கேள்வி: விக்கிரகத்தைக் கும்பிடப் போய்விட்டீர்கள். சத்தியத்தை அறிந்தும் விழுந்துபோனீர்களே, பரிதாபம்.

ஆராதனை தேவனுக்கு மட்டுமே, சொரூபங்களுக்குக் கொடுப்பது மரியாதை என்று 787இல் நிசேயாவில் கூடிய இரண்டாம் சங்கமே பிரித்துச் சொல்லிவிட்டது. அந்த வித்தியாசம் தெரியாமல் நடக்கிற கத்தோலிக்கர்களும் உண்டு, மறைக்கவில்லை. எனக்காக ஜெபியுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: உங்கள் பைபிளில் 73 புத்தகம், எங்களுடையதில் 66. 7ஐச் சேர்த்தது திரிதெந்து சங்கம்தானே?

1546இல் திரிதெந்து சங்கம் பட்டியலை உறுதி செய்தது, சேர்க்கவில்லை. 397இல் கார்த்தேஜ் சங்கத்தின் பட்டியலிலேயே அவை இருக்கின்றன. ஆனால் வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமுக்கு அவற்றின் மேல் தயக்கம் இருந்தது. ஆகவே 'லுத்தர் பிய்த்து எறிந்தார்' என்று நம் பக்கத்தில் சொல்வதும் சரியில்லை. 1534 ஜெர்மன் பைபிளில் லுத்தர் அவற்றை இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனியாக அச்சிட்டார். 1611 ஆங்கில பைபிளிலும் இருந்தன. பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் அவற்றுக்குப் பணம் செலவிடுவதில்லை என்று 1826இல் முடிவெடுத்தது. பல வீடுகளில் அவை கண்ணிலேயே படாமல் போனது அதற்குப் பிறகுதான். அந்த ஏழில் ஒன்றான சீராக்கை ஒரு தடவை படித்துப் பாருங்கள், நட்பைப் பற்றிய 6ஆம் அதிகாரத்துக்காகவாவது.

கேள்வி: விசுவாசத்தினால் மட்டுமே இரட்சிப்பு. இதை எப்படி விட்டுக்கொடுத்தீர்கள்?

விட்டுக்கொடுக்க வேண்டி வரவில்லை, நான் பயந்த அளவுக்கு. 1999 அக்டோபர் 31 அன்று லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்க திருச்சபையும் ஆக்ஸ்பர்கில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்கிறார் என்பது அதன் சாரம். 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் கால்வின் வழிவந்த சபைகளின் கூட்டமைப்பும் சேர்ந்துகொண்டார்கள். எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் 'நற்கிரியை செய்து பரலோகம் வாங்குகிறவர்கள்' என்று நான் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்த கத்தோலிக்கம் எங்கும் இல்லை. அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கேள்வி: போப் தப்பே செய்ய மாட்டாரா?

செய்வார். போப் ஆறாம் அலெக்சாண்டரைப் பற்றிப் படியுங்கள். 1870இல் வத்திக்கான் சங்கம் சொன்னது மிகக் குறுகிய ஒன்று: விசுவாசத்திலும் ஒழுக்கத்திலும் முழுத் திருச்சபைக்கும் இறுதியாக வரையறுத்துச் சொல்லும்போது தவறாமல் காக்கப்படுவார். அதற்குப் பின் அப்படி வரையறுத்தது 1950இல், விண்ணேற்புக்காக, ஒரே தடவை. விமானத்தில் பத்திரிகையாளர்களிடம் சொல்வதெல்லாம் அதில் சேராது.

கேள்வி: வரலாறு படித்தால் கத்தோலிக்கராவதைத் தவிர வழியில்லை என்கிறார்களே?

1845இல் ஆங்கிலிக்கனிலிருந்து வந்த நியூமன் எழுதிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு அப்படி அடிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. ஆதித்திருச்சபையை என்னைவிட நூறு மடங்கு படித்துவிட்டுச் சீர்திருத்த சபையிலேயே இருக்கிறவர்கள் உண்டு. யாரோஸ்லாவ் பெலிக்கன் லுத்தரன் வரலாற்றறிஞர். 1998இல் ஆர்த்தடாக்ஸ் சபைக்குப் போனார். நானும் அந்த வாசலில் கொஞ்ச நாள் நின்றேன். 'யார் சொல்வது?' என்ற நாற்காலிக் கேள்விக்குப் பேதுருவின் ஆசனம், அதாவது போப்பின் பதவிதான், எனக்குப் பதிலாகப் பட்டது.

கேள்வி: குருக்கள் குழந்தைகளுக்குச் செய்த கொடுமை தெரிந்தும் எப்படிச் சேர முடிந்தது?

தெரிந்துதான் சேர்ந்தேன். குற்றத்தைவிட அதை மறைத்த மேலிடத்தின் மேல்தான் என் கோபம் அதிகம், இன்றும் குறையவில்லை. குருக்களும் துறவிகளும் இத்தகைய குற்றத்தைத் திருச்சபை அதிகாரிகளிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 2019இல் போப் பிரான்சிஸ் சட்டம் போட்டார். அது தாமதம். உங்களுக்கோ தெரிந்தவருக்கோ நடந்திருந்தால் முதலில் காவல்துறைக்குப் போங்கள், ஆயருக்கு அப்புறம் எழுதலாம்.

கேள்வி: பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) பயமாக இருக்கிறது. உங்கள் முதல் அனுபவம்?

ஞானஸ்நானம் பெற்றவர்கள் சேர்வதற்கு முன்பே செய்ய வேண்டும். 40 வருடக் கணக்கு, இரண்டு தாள் நிறைய எழுதிக்கொண்டு போனேன். வயதான அருட்தந்தை, காது மந்தம். வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத ஒன்றைத் தொண்டை அடைக்கச் சொல்லி முடித்தேன். 'கொஞ்சம் சத்தமாக' என்றார். மறுபடி சொன்னேன். அதற்குள் பயம் போய்விட்டிருந்தது. பரிகாரமாக 103ஆம் சங்கீதத்தை ஒரு தடவை வாசிக்கச் சொன்னார், அவ்வளவுதான். தாளைக் கொண்டுபோகலாம், தவறில்லை. வந்ததும் கிழித்துவிடுங்கள்.

கேள்வி: கணவர் இன்னும் பெந்தெகொஸ்தே சபையில்தான் என்கிறீர்கள். திருமணம் செல்லுமா? ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறீர்கள்?

ஞானஸ்நானம் பெற்ற இருவர், முன் திருமணம் இல்லாமல், தங்கள் சபையில் செய்த திருமணம் செல்லும். மறுபடி செய்யத் தேவையில்லை. இருவரில் ஒருவருக்கு முன்பே திருமணம், விவாகரத்து இருந்தால் முதல் நாளே அருட்தந்தையிடம் சொல்லிவிடுங்கள். அது தனி விசாரணை, நாள் எடுக்கும்.

சனிக்கிழமை மாலைத் திருப்பலி ஞாயிறு கடனுக்குச் சேரும். அதற்குப் போய்விட்டு, ஞாயிறு காலை அவரோடு அவர் சபைக்குப் போகிறேன். பாடல்கள் எல்லாம் மனப்பாடம், பிரசங்கம் பெரும்பாலும் நம் கோயிலைவிட நன்றாக இருக்கும். ஆனால் அப்பத் தட்டு வரும்போது எடுக்காமல் அடுத்தவருக்கு நகர்த்துகிறேன். அவர் என்னோடு வரும் நாட்களில் அவரும் எழுந்து வரிசைக்குப் போவதில்லை. கல்யாணமாகி 25 வருடம். அந்த இரண்டு நிமிடம் இன்னும் பழகவில்லை.

கேள்வி: அடுத்த மாதம் என்னைச் சேர்க்கிறார்கள். அன்று என்ன நடக்கும்? என் பாஸ்டரிடம் எப்படிச் சொல்வது?

திருப்பலிக்கு நடுவே விசுவாசப் பிரமாணம் சொல்வீர்கள். கத்தோலிக்க திருச்சபை நம்பி, கற்பித்து, தேவன் வெளிப்படுத்தியதாக அறிவிக்கிற அனைத்தையும் நம்புகிறேன் என்று ஒரு வாக்கியம் கூடுதலாக. பழைய சபையைச் சபிக்கவோ மறுதலிக்கவோ யாரும் கேட்க மாட்டார்கள். பிறகு உறுதிப்பூசுதல் (நெற்றியில் தைலம் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு), முதல் நற்கருணை. தைலம் நெற்றியில் வழியும், கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்டரிடம் அதற்கு முன்பே, நேரில் சொல்லுங்கள். வசனப் பட்டியல் கொண்டுபோக வேண்டாம். அவர் உங்களுக்குச் செய்தவற்றில் இரண்டைப் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள், அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். நான் நேரில் போகத் தைரியமில்லாமல் ஆங்கிலிக்கன் போதகருக்கு ஏழு பக்கக் கடிதம் எழுதினேன். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் குடித்தாரே, அவருக்குத்தான். பதில் வரவில்லை. அப்புறம், உங்களிடம் சபைச் சாவி ஏதாவது இருந்தால் அன்றே கொடுத்துவிடுங்கள். அங்கே ஞாயிறு பள்ளி அலமாரியின் சாவி இன்னும் என் மேஜை இழுப்பறையில்தான் கிடக்கிறது.