எம்-16 ஏன் சிக்கியது? சில கேள்விகள், சில பதில்கள்

கேள்வி: வியட்நாம் போரில் அமெரிக்கர்களின் எம்-16 துப்பாக்கி சிக்கியது என்கிறார்களே, எது சிக்கியது?

பதில்: வெளியே வந்து விழ வேண்டிய வெற்றுத் தோட்டா உறை. 1966, 67-இல் எழுந்த புகார்களில் மிக மோசமானது இதுதான். தோட்டா அமரும் அறையான சேம்பருக்குள் அப்போது குரோம் பூச்சு கிடையாது. ஈரக்காட்டில் துரு ஏறிக் குழி விழும்; சுடும்போது விரியும் பித்தளை அந்தக் குழிகளைப் பற்றிக்கொள்ளும். இழுக்கும் கொக்கி உறையின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும், உறை உள்ளேயே இருக்கும். குண்டு மழைக்கு நடுவே வீரன் துப்புரவுக் கம்பியைக் குழலின் முனை வழியாக விட்டுக் குத்தித் தள்ள வேண்டும். அந்தக் கம்பியும் பலரிடம் இல்லை. சுத்தம் செய்யவே தேவையில்லாத துப்பாக்கி என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

கேள்வி: ஏகே-47 இதைவிடச் சிறந்ததுதானே?

பதில்: கேட்டது அதுவல்ல.

கேள்வி: வெடிமருந்தை மாற்றியதுதான் காரணம் என்று படித்தேன்.

பதில்: பாதி உண்மை. 1964-இல் குச்சி வடிவ மருந்துக்குப் பதில் உருண்டை மருந்து வந்தது. சுடும் வேகம் கூடியது, துப்பாக்கியை இயக்கும் வாயு போகும் குழாயில் கரி சேர்ந்தது. இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. தொழிற்சாலைச் சோதனையில் பழைய மருந்தைப் பயன்படுத்த அனுமதித்துவிட்டு, போர்க்களத்துக்குப் புதிய மருந்தை அனுப்பினார்கள். எப்போதும் சொல்வேன்: துப்பாக்கியைக் குறை சொல்லும் முன் தோட்டாவைப் பாருங்கள்.

கேள்வி (அதே நண்பர்): மருந்து குற்றவாளி என்றால், 1967-க்குப் பிறகும் உருண்டை மருந்துதானே போனது? துப்பாக்கி மட்டும் எப்படித் திருந்தியது?

பதில்: நல்ல அடி. மருந்து தனிக் குற்றவாளி அல்ல என்று ஒப்புக்கொள்கிறேன். பின்னே வரும் போல்ட்டைத் தாங்கும் பாகமான பஃபரைக் கனமாக்கியது சுடும் வேகத்தைக் குறைத்தது. குழாயில் படிந்த கால்சியம் கார்பனேட்டை மருந்தில் குறைத்தார்கள். சேம்பருக்குக் குரோம் வந்தது. துப்புரவுப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. 1968-இல் படக்கதைக் கையேடே அச்சிட்டார்கள். ஆனால் துப்பாக்கியைத் தொடாமல் மருந்தை மட்டும் மாற்றியவர்களை நான் விடமாட்டேன். இகோர்ட் தலைமையிலான அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழுவும் விடவில்லை: தோட்டாக் குறையைச் சரிசெய்யாத ராணுவ அதிகாரிகளின் போக்கு குற்றத்துக்கு நெருங்கிய அலட்சியம் என்று 1967 அக்டோபர் அறிக்கையில் எழுதியது.

கேள்வி: பக்கவாட்டில் போல்ட்டை (தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளி மூடும் பாகம்) முன்னே தள்ளும் பொத்தான் உதவவில்லையா?

பதில்: வெளியே வராத உறைக்கு முன்னே தள்ளுவதால் என்ன பயன்?

கேள்வி: 20 தோட்டா மேகசினில் 18 மட்டும் போட்டது ஏன்?

பதில்: முழுக்க அடைத்தால் ஸ்பிரிங் திணறும் என்ற பயம்.

கேள்வி: அப்படியானால் ஏகே-47...

பதில்: இரண்டாவது பதிலைப் பாருங்கள்.

கேள்வி (மீண்டும் அதே நண்பர்): முதலிலேயே குரோம் பூசியிருந்தால் மருந்தை மாற்றியது தெரிந்தே இருக்காது!

பதில்: உறை வெளியே வந்திருக்கும். வேகம் குறைந்திருக்காது. நாளை பஃபரைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம், வாருங்கள்.