இலியாவின் கைக்கடிகாரம்

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

வணக்கம். உங்கள் சினிமாக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டில் 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' பார்த்தோம். கை ரிச்சி இயக்கி 2015இல் வந்த உளவுப் படம். நான், என் கணவர், தம்பி என்று மூன்று பேர். படம் முடிந்தபோது மூன்று கருத்து. தம்பி, "உளவுப் படம் என்றார்கள், சண்டையையே காணோம். கடைசிச் சண்டையைக்கூடத் திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஓட்டித் தள்ளிவிட்டார்கள்" என்றான். கணவர், "அமெரிக்கனும் ரஷ்யனும் முதலில் அடித்துக்கொள்வார்கள், பிறகு சேர்ந்துகொள்வார்கள். அரைத்த மாவு. அதிலும் இந்த இருவருக்கும் நடுவே ஒட்டுதலே இல்லை" என்றார். எனக்குப் படம் மிகவும் பிடித்திருந்தது. ஏன் என்று கேட்டபோது, உடைகள் அழகு, இசை அழகு என்பதற்கு மேல் சொல்ல வரவில்லை. வெளியான சமயத்திலும் பார்த்தவர்கள் இப்படித்தான் பிரிந்து நின்றார்கள் என்று கேள்விப்பட்டேன். குறை சொன்னவர்கள் சொன்னது சரிதானா? இரண்டாம் பாகம் ஏன் வரவில்லை?

அன்புடன்,
ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

உடையும் இசையும் பிடித்தன என்று சொல்ல நீங்கள் தயங்கவே வேண்டாம். ஆனால் உங்களைப் பிடித்து வைத்தது வேறொன்று என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு காட்சியை நினைவுபடுத்துகிறேன்.

வில்லியான வின்சிகுவேரா குடும்பத்துப் பெண்ணின் கப்பல் நிறுவனத்துக்குள் இரவில் புகுந்த அமெரிக்க உளவாளி சோலோவும் ரஷ்ய உளவாளி இலியாவும் மாட்டிக்கொண்டு, ஒரு படகில் ஏறித் தப்பப் பார்க்கிறார்கள். படகு வளையும் வேகத்தில் சோலோ தண்ணீரில் விழுந்துவிடுகிறான். நீந்திக் கரையேறினால் அங்கே ஒரு சிறிய லாரி நிற்கிறது. ஏறி உட்கார்கிறான். உள்ளே யாரோ தனக்கென்று கட்டி வைத்த சாப்பாட்டுக் கூடை: ரொட்டி, ஒயின். வானொலியைத் திருப்புகிறான். பெப்பினோ காலியார்டியின் இத்தாலியக் காதல் பாட்டு ஒன்று உருகி வழிகிறது. கழுத்தில் துணியைச் செருகிக்கொண்டு நிதானமாகச் சாப்பிடத் தொடங்குகிறான். கண்ணாடிக்கு அப்பால், இருட்டில், இலியாவின் படகு போக்கிடம் இல்லாமல் சுற்றுகிறது. துப்பாக்கிகள் மின்னுகின்றன. படகு தீப்பற்றுகிறது. நமக்குப் பாட்டுத்தான் கேட்கிறது.

உங்கள் தம்பி தேடிய சண்டை அங்கேதான் நடக்கிறது. இன்னொரு இயக்குநர் என்றால் கேமராவைத் தூக்கிப் படகில் வைத்திருப்பார். கை ரிச்சி அதை லாரிக்குள், மெல்லுகிற ஒரு மனிதனின் முகத்துக்கு எதிரே வைத்தார். அவருக்கு அந்த இரவில் ஒரே கேள்வி: சோலோ போவானா, மாட்டானா? போகச் சொல்ல அவனுக்கு அங்கே யாரும் இல்லை. போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்கவும் யாரும் இல்லை. எதிரி நாட்டு உளவாளி ஒருவன் தானாகவே தொலையப் போகிறான். சோலோவின் மேலதிகாரிக்கு அது நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம். சோலோ இன்னொரு வாய் ஒயின் குடிக்கிறான். பிறகு சலித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பி, அப்படியே லாரியோடு துரத்தல் படகின் மேல் பாய்கிறான். தண்ணீருக்குள் மூழ்கும்போதும் லாரியின் முகப்பு விளக்குகள் எரிகின்றன. அந்த வெளிச்சத்தில், நினைவிழந்து அமிழ்ந்துகொண்டிருக்கும் இலியா தெரிகிறான்.

நான் இந்தக் காட்சியைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தச் சலிப்பில்தான் கண் போய் நிற்கிறது. சோலோவாக வரும் ஹென்றி கேவில் அங்கே வீர முகம் காட்டவில்லை, இரக்க முகமும் காட்டவில்லை. சாப்பாட்டின் நடுவில் எழுந்து போக நேர்ந்தவனின் முகம் அது. ஒருவன் தன்னையும் மீறி இன்னொருவனுக்கு வேண்டியவனாகிவிட்ட தருணத்தை இதைவிட உண்மையாக எப்படிக் காட்ட முடியும்?

உங்கள் கணவர் ஒட்டுதல் இல்லை என்று சொன்னதற்கும் என் பதில் இதிலேயே இருக்கிறது. ஒட்டுதலை நாம் பெரும்பாலும் பேச்சில் தேடுகிறோம். இருவரும் வாய்க்கு வாய் பேசிச் சிரித்தால் பொருத்தம் என்கிறோம். இந்தப் படத்தில் பேச்சு முழுவதும் குத்துவதற்கு. மேற்கு பெர்லின் காபிக் கடையில் மேலதிகாரிகள் எழுந்து போனதும் இருவரும் முதன்முதலாகத் தனியே உட்காருகிறார்கள். சோலோ மெல்லிய குரலில் இலியாவின் கோப்பைப் படிப்பதுபோல் அவனுடைய குடும்பத்தை உரிக்கிறான்: முகாமுக்கு அனுப்பப்பட்ட தந்தை, அதன் பிறகு தாயின் பெயருக்கு வந்த இழுக்கு. இலியாவின் விரல்கள் தாளம் போடுவதுபோல் துடிக்கத் தொடங்குகின்றன. அதற்குப் பிறகு படம் முழுவதும் அந்த விரல்கள் துடித்தால் ஏதோ உடையப் போகிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அன்று மேசை உடைந்தது. இப்படிப் பேசிக்கொள்ளும் இருவர் ஒருவருக்கொருவர் நன்மை செய்தால் அதை வாயால் ஒப்புக்கொள்ளவா போகிறார்கள்? யாரும் பார்க்காதபோது செய்வார்கள். லாரிக் காட்சி அப்படி ஒன்று. கைக்கடிகாரம் இன்னொன்று.

கைக்கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. அது இலியாவின் தந்தையுடையது. ரோமில் கட்டடக்கலைஞனாக வேடமிட்டிருக்கும்போது வழிப்பறிக்காரர்கள் போல் இருவர் வந்து அதைப் பறிக்கிறார்கள். காரின் பின்மூடியைக் கையால் பிய்த்தெடுத்த இலியா, வேடம் கலையக்கூடாது என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அதன் பிறகு படம் கடிகாரத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. நாமும் மறந்துவிடுகிறோம். கடைசியில் ஹோட்டல் அறையில், அணு ஆய்வுத் தகவல் அடங்கிய நாடா சோலோவிடம் இருக்கிறது. அதைக் கொண்டு வா, தேவைப்பட்டால் அமெரிக்கனைக் கொன்றுவிடு என்று இலியாவுக்கு உத்தரவு. இருவருக்கும் தெரிகிறது, அடுத்த நொடி துப்பாக்கிதான் என்று. அப்போது சோலோ ஒரு பொருளை எடுத்து எறிகிறான். இலியா பிடிக்கிறான். தந்தையின் கடிகாரம். வில்லியின் ஆட்களில் ஒருவனிடமிருந்து எப்போதோ மீட்டு, சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான்.

அத்தனை நேரமும் நாம் மறந்ததை அவன் மறக்கவில்லை. பெரும் சண்டையோடு முடிய வேண்டிய இடத்தில் ஒரு மனிதன் கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறான். பிறகு இருவரும் மாடத்தில் உட்கார்ந்து மது அருந்தியபடி அந்த நாடாவைக் கொளுத்துகிறார்கள். ஒட்டுதல் என்றால் எனக்கு இதுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வில்லியின் சதித் திட்டம் மெலிந்தது. வில்லியாக வரும் எலிசபெத் டெபிக்கி நின்றாலே சட்டகம் நிறைகிறது. அவருக்குக் கொடுத்த வேலை அந்த அளவுக்கு இல்லை. நாம் முன்பே பார்த்ததன் விடுபட்ட துண்டை மறுபடி காட்டி விளக்கும் உத்தி ஒருமுறை ருசி, மூன்றாம் முறை அலுப்பு. தீவின் மீதான தாக்குதலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டியது பற்றித் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது; சண்டையை எதிர்பார்த்து வந்தவனுக்கு அது ஏமாற்றம்தான்.

அரைத்த மாவு என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். அந்த மாவை முதலில் அரைத்தவர்களில் ஒருவர் இந்தக் கதைக்காரர்களே. இதே பெயரில் ஒரு தொலைக்காட்சித் தொடர் 1964 செப்டம்பரில் அமெரிக்காவின் என்பிசியில் தொடங்கி 1968 ஜனவரி வரை 105 பகுதிகள் ஓடியது. ஆண்டைக் கவனியுங்கள். 1962 அக்டோபரில்தான் கியூபா ஏவுகணை நெருக்கடி. உலகம் அணுப் போரின் வாசல் வரை போய்த் திரும்பியது. இரண்டு ஆண்டுகூட முழுதாக முடியவில்லை, அமெரிக்க வீடுகளின் கூடத்தில் ஒரு ரஷ்ய உளவாளி நல்லவனாக நடமாடுகிறான். தொடக்கத்தில் இலியா ஒரு சிறு பாத்திரம். ராபர்ட் வானின் சோலோதான் நாயகன். டேவிட் மெக்கல்லம் அந்தச் சிறு பாத்திரத்தில் வந்து நின்றதும் பார்வையாளர்களிடமிருந்து கடிதங்கள் குவியத் தொடங்கின. தயாரிப்பாளர்கள் இலியாவைச் சோலோவுக்குச் சமமாக உயர்த்தினார்கள். அதாவது இந்த ஜோடியைச் சேர்த்து வைத்ததில் உங்களைப்போல் உட்கார்ந்து கடிதம் எழுதியவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால்தான் உங்கள் கடிதம் கிடைத்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

படத்தை 1963இல் வைத்ததிலும் ஒரு கருத்து இருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி மாஸ்கோவில் அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் அணு ஆயுதச் சோதனைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பெர்லின் சுவர் எழுந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. இப்போது படத்தை எண்ணிப் பாருங்கள்: அமெரிக்கச் சோலோ, சோவியத் இலியா, பிரிட்டனுக்காக வேலை செய்யும் கேபி. மூவரும் தேடுவது ஓர் அணுகுண்டு. திரைக்கதை இந்த ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. ஆனாலும் அந்த ஆண்டின் காற்று படத்துக்குள் அடிக்கிறது.

கேபியாக வரும் அலிசியா விகாண்டரைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள் என்று தெரியவில்லை. எனக்கு அவர்தான் படத்தின் உயிர். ஹோட்டல் அறையில் சாலமன் பர்க்கின் பாட்டைப் போட்டுவிட்டு, சதுரங்கப் பலகை முன் விறைத்து உட்கார்ந்திருக்கும் அந்த மலைபோன்ற ரஷ்யனைத் தன்னந்தனியாக ஆடி ஆடியே கலைக்கிறாளே, அதை இன்னொரு முறை பாருங்கள். பெர்லின் துணிக்கடைக் காட்சியையும் பாருங்கள். கேபிக்கு எந்த உடையோடு எந்த இடைவார் சேரும் என்று இரு உளவாளிகள் தீவிரமாக வாதாடுகிறார்கள். சேராது என்கிறான் சோலோ. சேர வேண்டிய அவசியம் இல்லை என்கிறான் இலியா. படம் தன்னைப் பற்றிச் சொல்ல நினைத்ததை அந்த வாக்கியத்தில் சொல்லிவிட்டது.

பிறகு ஏன் 2015இல் எடுபடவில்லை? அந்த ஆண்டு உளவுப் படங்கள் வரிசை கட்டி வந்தன. இதில் சோலோவாக நடிக்க முதலில் பேசப்பட்டவர் டாம் குரூஸ். அவர் 'மிஷன் இம்பாசிபிள்' வரிசையின் ஐந்தாம் படத்துக்காக விலகினார். அந்தப் படம் ஜூலை 31இல் வந்தது, இது ஆகஸ்ட் 14இல். புறப்படும் விமானத்தின் கதவில் தொங்கிய மனிதனைப் பார்த்துவிட்டு இரண்டே வாரத்தில் வந்து உட்கார்ந்தவர்களிடம், லாரியில் ரொட்டி தின்பவனைக் காட்டினால் என்ன ஆகும்? முதல் நாள் பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்டு மதிப்பிடும் சினிமாஸ்கோர் இதற்கு 'பி' கொடுத்தது. அங்கே அது மந்தமான மதிப்பெண். சுமார் 7.5 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுவதும் பத்துக் கோடியைச் சற்றே தாண்டி வசூலித்தது. அரங்குகளின் பங்கும் விளம்பரச் செலவும் போனால் அது நஷ்டக் கணக்குதான்.

அந்தப் பார்வையாளர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் எதைத் தேடி வந்தார்களோ அது இதில் குறைவாகத்தான் இருந்தது. நீங்கள் அந்த எதிர்பார்ப்பு இல்லாமல் ஒரு ஞாயிறு இரவில் வீட்டில் உட்கார்ந்து பார்த்தீர்கள். அதனால் அந்த முகங்கள் உங்களுக்குத் தெரிந்தன.

இரண்டாம் பாகம் வராததற்குக் காரணம் அந்த வசூல்தான். கடைசிக் காட்சியில் பிரிட்டிஷ் உளவு அதிகாரியாக நடிக்கும் ஹியூ கிராண்ட் வந்து மூவரையும் ஒரே அமைப்பில் சேர்த்து, அடுத்த வேலை இஸ்தான்புல்லில் என்கிறார். அவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்று நமக்கு யாரும் காட்டவில்லை. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. இலியா அந்தக் கடிகாரக் கடனைப் பதிலுக்கு எப்படித் தீர்த்தான் என்று பார்க்கக் காத்திருந்தேன்.

அன்புடன்