மேல் அறைத் தூக்கம் கெடாத கராஜ் மோட்டார்

வணக்கங்க. பெருந்துறை வீட்டுக்கு ஷிப்ட் முடிந்து இரவு 2 மணிக்கு வருகிறீர்கள், மடிந்து மேலேறும் கராஜ் கதவுக்கு மோட்டார் வேண்டும், ஆனால் நேர்மேல் அறையில் அம்மா தூங்குகிறார் என்று கேட்டிருந்தீர்கள். பெல்ட்டில் ஓடும் டிசி மோட்டாரே வாங்குங்கள். செயின் விலை குறைவுதான், ஆனால் கடகட சத்தம் போகாது. டிசி மோட்டார் மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கும். பேட்டரி உள்ளதாகப் பாருங்கள், கரண்ட் போனாலும் திறக்கும்.

அதை மாட்டும் விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கான்கிரீட்டில் நேராக போல்ட் அடித்தால் அதிர்வு அப்படியே மேலே போய்விடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் மாட்டிவிட்டுப் போனார்கள். தினமும் அப்பா எழுந்து உட்கார்ந்துகொள்வார், பார்க்கவே பாவமாக இருக்கும். பிறகு பிராக்கெட்டுக்கும் கூரைக்கும் நடுவிலும், போல்ட் தலைக்கு அடியிலும் தடித்த ரப்பர் கொடுத்தோம். அதற்கப்புறம் அவர் எழவில்லை. கதவு தண்டவாளத்தில் உருளும் சக்கரங்கள், அதாவது ரோலர், இரும்பாக இருந்தால் நைலானுக்கு மாற்றுங்கள்.

அப்புறம், மோட்டார் மாட்டும் முன் கதவைக் கையால் பாதி உயரம் தூக்கிப் பாருங்கள். ஏறாமல் இறங்காமல் அங்கேயே நிற்க வேண்டும். சரிந்தால், கதவின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அப்படி இருந்தால் எந்த மோட்டாரும் முக்கி முனகித்தான் இழுக்கும். ஆனால் ஸ்பிரிங்கை நீங்களே முறுக்கப் போகாதீர்கள், விசை தெறித்தால் கை போய்விடும். தொழில் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.